ஏழு வருடக் குறிப்புகள் இருக்கின்றன, ஒரு பக்கம்கூட எழுதவில்லை: முதல் புத்தகத்தை எங்கே தொடங்குவது?

கடலோர டீச்சர் | சனி, இரவு 9.40

வணக்கம். மாநகராட்சிப் பள்ளியில் 29 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தேன். பிறந்த வீடு இப்போது இல்லை. யாரும் இடிக்கவில்லை, நாங்கள் விற்கவும் இல்லை. கடல் எடுத்துக்கொண்டது. எங்கள் தெரு முழுவதும் போயிற்று. எங்களுக்கு முன்னால் கடல் பக்கமாக இன்னொரு தெரு இருந்ததாம். அதை நான் பார்த்ததே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்று ஏழு வருடமாகக் குறிப்பெடுக்கிறேன். கதையாக அல்ல, கட்டுரை நூலாக. மூன்று நீளமான நோட்டுகள் நிறைந்துவிட்டன. சென்னைத் துறைமுகத்தின் வரலாறு, மணல் எப்படி நகர்கிறது என்பது, பழைய வரைபடங்களின் நகல், செய்தித்தாள் வெட்டுகள் எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் எழுத உட்கார்ந்தால், 'சென்னை மாநகரின் வடபகுதி வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ளது' என்று பாடநூல் வாக்கியம்தான் வருகிறது. அடித்துவிட்டு எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறேன்.

எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள். முதலில் எதைச் செய்ய வேண்டும்? அத்தியாயப் பட்டியலா? பதிப்பகத்தைப் பார்ப்பதா? இன்னும் படிக்க வேண்டுமா?

பழைய மெய்ப்பர் | சனி, இரவு 10.15

டீச்சர், மண்ணடியில் அச்சகங்களுக்கும் பிறகு பதிப்பகங்களுக்கும் முப்பது வருடத்துக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவன். எழுத்தாளன் இல்லை, எழுத்தாளர்களின் பிழைகளைத் தின்று வளர்ந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன். இன்னும் படிக்க வேண்டுமா என்று கேட்டீர்களே, வேண்டாம். பெட்டியை மூடுங்கள்.

என்னிடம் வந்த முதல் நூல்களில் பாதிக்கு மேல் ஒரே நோய். ஆசிரியர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் முதல் அறுபது பக்கத்தில் கொட்டியிருப்பார். அறுபதாம் பக்கத்தில்தான் அவர் உண்மையில் சொல்ல வந்தது தொடங்கும். அதுவரை பொறுமையாக வந்து சேர்ந்த வாசகன் மெய்ப்புப் பார்ப்பவன் ஒருவன்தான், அவனும் கூலிக்காக.

ஒரே கேள்வி. அந்தப் புத்தகம் எந்தக் கேள்விக்குப் பதில்? தலைப்பைக் கேட்கவில்லை, கேள்வியைக் கேட்கிறேன்.

கடலோர டீச்சர் | சனி, இரவு 10.32

வடசென்னைக் கடற்கரை அரிப்பின் வரலாறும் மக்கள் வாழ்வும்.

பழைய மெய்ப்பர் | சனி, இரவு 10.34

அது கேள்வி இல்லை டீச்சர். முனைவர் பட்டத் தலைப்பு.

தண்டையார்பேட்டைத் தம்பி | சனி, இரவு 10.51

அக்கா, தலைப்பில் 'வடசென்னை' என்று பெரிதாகப் போட்டு, அட்டையில் கொஞ்சம் சிவப்பும் கறுப்பும் கலந்தால் புத்தகக் காட்சியில் கண்டிப்பாக நின்று எடுத்துப் பார்ப்பார்கள். குத்துச்சண்டை, ரவுடி, துறைமுகம் எல்லாம் ஒரு அத்தியாயமாவது இருக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை, கடை போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

கடலோர டீச்சர் | சனி, இரவு 11.05

தம்பி, உங்கள் அக்கறைக்கு நன்றி. என் தெருவில் ரவுடி யாரும் இல்லை. கருவாடு காயப்போட்டவர்கள், வலை பின்னியவர்கள், அசோக் லேலண்டில் வேலை பார்த்த இரண்டு பேர், தபால்காரர் ஒருவர். அவர்களை வைத்து என்னால் சிவப்பு அட்டை போட முடியாது.

ஆவணக்காரன் | ஞாயிறு, காலை 6.20

மெய்ப்பர் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெட்டியை மூடச் சொல்வது சுலபம். தமிழில் ஊர் வரலாறு என்று வருவதில் பெரும்பகுதி 'பெரியவர்கள் சொல்வார்கள்' என்பதைத் தாண்டுவதில்லை. டீச்சரிடம் சான்று இருக்கிறது, அதை ஏன் மூட வேண்டும்?

டீச்சர், பெட்டியில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கரையைப் பற்றியது ஒரு பக்கம், துறைமுகத்தைப் பற்றியது இன்னொரு பக்கம். துறைமுகப் பக்கம் நிறையவே இருக்கும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார், இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டினார்கள், 1881 நவம்பர்ப் புயலில் பெரும்பகுதி நொறுங்கிற்று, மீண்டும் கட்டினார்கள், பிறகு துறைமுகத் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் புத்தகத்துக்கு இதில் எத்தனை பக்கம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

என் கணக்கில் நான்கு பக்கம். ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான் 1912இல் கணிதமேதை ராமானுஜன் எழுத்தராகச் சேர்ந்தார் என்று ஒரு வரி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த ஒரு வரி கும்பகோணம் வரை இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு நடந்தது. ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதப் போய், 1856இல் முதல் ரயில் வாலாஜா சாலைக்குப் போனதைச் சொல்லி, அங்கிருந்து ஆற்காட்டு நவாபுக்குப் போய், ஒன்றரை வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். நிலையத்தைப் பற்றிய புத்தகம் இன்னும் வரவில்லை.

பழைய மெய்ப்பர் | ஞாயிறு, காலை 7.02

ஆவணக்காரரே, நான் சொன்னதைத்தான் நீங்கள் சான்றோடு சொல்லியிருக்கிறீர்கள்.

அலையும் கல்லும் | ஞாயிறு, காலை 9.30

கடலோரப் பொறியியலில் வேலை பார்த்தவன், எர்ணாவூரில் குடியிருக்கிறேன். எழுதுவதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, விஷயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும்.

துறைமுகம் கட்டினார்கள், கடல் வடக்கே ஊரைத் தின்றது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அடிப்படை சரிதான். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது திரும்பி ஓடும். ஆனாலும் நிகரக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகத்தின் கரம் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது, வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. வரவு நின்றும் செலவு நிற்காத வீடு மாதிரிதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. ராயபுரத்தில் தொடங்கி வடக்கே கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, கல் முடிந்த இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டார்கள். அதற்கும் அதே கதை, வளைவின் தெற்கே மணல் சேரும், வடக்கே குறையும். ஆகவே உங்கள் தெரு போனதற்குக் காரணம் 1875இல் நாட்டிய கல்லா, உங்கள் குப்பத்துக்குத் தெற்கே பிறகு கொட்டிய கல்லா? இதைப் பிரித்துச் சொல்ல முடிந்தால் நல்ல புத்தகம். முடியாவிட்டால், முடியவில்லை என்று புத்தகத்திலேயே எழுதுங்கள்.

கடலோர டீச்சர் | ஞாயிறு, பகல் 12.10

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெய்ப்பர் ஐயா கேட்ட கேள்வி இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எங்கள் தெருவை எடுத்தது கடலா, கல்லா?

இது கேள்விதானே ஐயா?

பழைய மெய்ப்பர் | ஞாயிறு, பகல் 12.14

ஆமாம். இப்போது அதை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தாளையும் அந்த அட்டையிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

காசிமேட்டுக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.45

டீச்சர், எங்கள் பாட்டி உங்கள் குப்பத்தில் பிறந்தவராக இருக்கலாம். 81 வயது. கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். கடல் பக்கத்தில் இருந்த முன் தெருவில் ஓடியாடி விளையாடியதாகச் சொல்வார். கண் மங்கல், ஞாபகம் துல்லியம். யார் வீட்டுக்கு யார் எவ்வளவு கடன் தர வேண்டியிருந்தது என்பது வரை சொல்வார்.

வர விருப்பமிருந்தால் சொல்லுங்கள்.

கடலோர டீச்சர் | ஞாயிறு, மாலை 4.20

கண்டிப்பாக வருகிறேன் தம்பி. எழுதி முடித்து, எது குறைகிறது என்று தெரிந்த பிறகு வந்தால் சரியான கேள்விகளோடு வரலாம் என்று நினைக்கிறேன்.

வலைப்பின்னி | ஞாயிறு, மாலை 5.00

அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 81 வயது என்கிறார். நீங்கள் எழுதி முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?

கடலோர டீச்சர் | ஞாயிறு, இரவு 8.50

நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் கட்டுமரம் கட்டித் தந்தவர் ஒருவர் இருந்தார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளினேன். கேள்விகளைத் தயார் செய்துகொண்டே இருந்தேன்; இருபத்தாறு கேள்விகள் நோட்டில் இருக்கின்றன. போன மாதம் அவர் காலமாகிவிட்டார். துக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தபோதும் அந்த நோட்டு என் பைக்குள் இருந்தது.

வலைப்பின்னி | ஞாயிறு, இரவு 9.15

வருத்தமாக இருக்கிறது அம்மா. அதற்காகத்தான் கேட்டேன்.

நான் படகுத் தொழிலில் இருப்பவன், எழுத்து வேலை தெரியாது. ஆனால் எங்களிடம் பேட்டி எடுக்க வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் ஏலம் நடக்கும்போது வந்து ஒலிவாங்கியை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் சொந்தத் தம்பி பேசினாலே எரிச்சல் வரும். வருவதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வாருங்கள். விசைப்படகு கடலுக்குப் போகாது. நிழலில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருப்பார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். எதிரே நாற்காலி போட்டு உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். நூலைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள்.

பாட்டியைப் பார்க்கத் தடைக்காலம் தேவையில்லை, இந்த வாரமே போங்கள்.

ஆவணக்காரன் | ஞாயிறு, இரவு 9.48

இதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909இல் கட்டிய கட்டடத்தில் இருக்கிறது, அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இருக்கிறது. பாட்டிக்குத்தான் அவசரம்.

பதிவு செய்யும்போது சில வேலைகளை முதலிலேயே செய்துவிடுங்கள். கைபேசியே போதும். பேச்சைத் தொடங்கும் முன் தேதி, இடம், யார் பேசுகிறார் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பதிவு செய்வதற்கும் புத்தகத்தில் போடுவதற்கும் சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருக்கட்டும். அன்றிரவே கோப்பை இன்னொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டு ஒரு பேட்டியையே இழந்தவன் சொல்கிறேன்.

கடன் கணக்கை எல்லாம் பாட்டி சொல்லுவார் என்கிறார் தம்பி. அதை அச்சில் போடுமுன் இரண்டு முறை யோசியுங்கள். கடன் வாங்கியவரின் பேரன் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

கடலோர டீச்சர் | புதன், இரவு 7.30

நேற்று காசிமேட்டுக்குப் போய் வந்தேன். மூன்று மணி நேரம். இருபத்தாறு கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பாட்டி என் அம்மாவின் பெயரைக் கேட்டார், பிறகு என் ஆத்தாவின் பெயரைக் கேட்டார், 'புளியங்கொட்டை அளந்து விற்பாளே, அவள் பேத்தியா நீ' என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் வீட்டு வாசலிலிருந்து கடல் 'ரொம்ப தூரம், அரை மைல்' என்றார். வரைபடங்களை வைத்துப் பார்த்தால் அவ்வளவு இருந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தையின் காலுக்குத் தூரம் நீளமாகத் தெரிந்திருக்கும். இதை எப்படி எழுதுவது? திருத்துவதா, விட்டுவிடுவதா?

அலையும் கல்லும் | புதன், இரவு 8.05

எந்த வரைபடத்தை வைத்துப் பார்த்தீர்கள்?

கடலோர டீச்சர் | புதன், இரவு 8.11

டெக்சாஸ் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் அமெரிக்க ராணுவ வரைபடம். இலவசமாகக் கிடைத்தது.

அலையும் கல்லும் | புதன், இரவு 8.30

அது 1:2,50,000 அளவு டீச்சர். நீங்கள் புவியியல் நடத்தியவர், உங்களிடம் நான் சொல்வது கூச்சமாக இருக்கிறது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். உங்கள் தெரு முழுவதும் அச்சுக் கோட்டின் தடிமனுக்குள் போய்விடும். அதை வைத்துப் பாட்டியைத் திருத்த வேண்டாம்.

லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 1982க்குப் பிந்தையவற்றில்கூட ஒரு புள்ளி 30 மீட்டர். கரை எப்படி நகர்ந்தது என்று பார்க்கலாம், வீட்டைப் பார்க்க முடியாது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றால் 'கொரோனா' படங்களைத் தேடுங்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுக் கோள்கள் பிலிமில் எடுத்தவை, 1995இல் ரகசியம் நீக்கி வெளியிட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் ஊரின் இருப்பிடத்தைக் கொடுத்துத் தேடலாம். பிந்தைய ஆண்டுப் படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கள் தெரியும். உங்கள் கரை மேகமில்லாமல் சிக்கியிருந்தால் முன் தெருவே தெரியக்கூடும்.

பழைய மெய்ப்பர் | புதன், இரவு 9.00

நல்ல யோசனை. ஆனால் டீச்சர், அந்தப் படம் கிடைக்கும் வரை எழுதாமல் இருக்கப் போகிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அரை மைலைப் பற்றி: திருத்தவும் வேண்டாம், விடவும் வேண்டாம். பாட்டி அரை மைல் என்றார் என்று எழுதுங்கள். அடுத்த வரியில், அளந்தால் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் புத்தகம் நடக்கிற இடம். காலில் பட்ட மணலின் அளவு ஒன்று, கணக்கெடுத்த மணலின் அளவு இன்னொன்று. அசட்டுத்தனமாக ஒன்றை மற்றொன்றுக்குப் பொய்ச் சாட்சியாக்காதீர்கள்.

தண்டையார்பேட்டைத் தம்பி | புதன், இரவு 9.20

பாட்டி பேசியதை அப்படியே நம் பேச்சு வழக்கில் போடலாமே அக்கா? உயிரோட்டமாக இருக்கும்.

பழைய மெய்ப்பர் | புதன், இரவு 9.41

தம்பி, இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நம் பேச்சைச் சினிமா ஐம்பது அறுபது வருடமாகச் சிரிப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறது. வீட்டை இழந்த ஒரு கிழவி பேசுவதை அப்படியே அச்சிட்டால், மயிலாப்பூரில் இருக்கும் வாசகர் முதல் வரியிலேயே புன்னகைக்கத் தொடங்கிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, பழக்கப்பட்டவர்.

காசிமேட்டுக்காரன் | புதன், இரவு 10.02

அப்படியானால் எங்கள் பாட்டி தூய தமிழில் பேச வேண்டுமா ஐயா? அதுவும் பொய்தானே. மயிலாப்பூர் வாசகர் சிரிப்பார் என்பதற்காக நாங்கள் ஏன் வாயை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பழைய மெய்ப்பர் | வியாழன், காலை 6.15

இரவு முழுவதும் யோசித்தேன். தம்பி கேட்டது நியாயம். என் கோபத்தில் நான் பாதியைத்தான் பார்த்தேன்.

ஒரு வழி தோன்றுகிறது. வினைமுற்றுகளை எழுத்து வழக்கில் வையுங்கள், பெயர்களைத் தொடாதீர்கள். வாடை, கச்சான் என்ற காற்றுப் பெயர்கள், பெரிய வலை, கட்டுமரத்தின் ஒவ்வொரு மரத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர், மீனின் பெயர், பாட்டி வைத வசவு எல்லாம் அவர் சொன்னபடியே நிற்கட்டும். பேச்சின் உடல் அந்தச் சொற்களில் இருக்கிறது. 'போச்சு'க்கும் 'போயிற்று'க்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு எழுதியதைப் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். அவர் தன் குரல் என்று ஒப்புக்கொண்டால் நான் வாய் திறக்க மாட்டேன்.

கடலோர டீச்சர் | வியாழன், காலை 8.40

அப்படியே செய்கிறேன். நடைமுறைக் கேள்வி ஒன்று. எவ்வளவு எழுத வேண்டும்? பதிப்பகத்தை இப்போதே பார்க்க வேண்டுமா? ஒருவர் ஒரு தொகை சொல்லி, கட்டினால் மூன்று மாதத்தில் புத்தகம், ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம் என்றார்.

ஆவணக்காரன் | வியாழன், காலை 9.05

யாரென்று இங்கே சொல்ல வேண்டாம், ஆனால் விலகி நில்லுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. தனி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கேட்கிறவர் மற்றவற்றுக்கு என்ன கேட்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய புகைப்படங்களையும் இப்போதே கவனியுங்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு வெளியான பிறகு 60 வருடப் பாதுகாப்பு உண்டு. உங்கள் குடும்பம் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். செய்தித்தாளில் வந்த படம் அப்படியில்லை, அதற்கு அனுமதி கேட்டாக வேண்டும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும், எங்கிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து நினைவிருக்காது.

பழைய மெய்ப்பர் | வியாழன், காலை 9.50

அளவுக் கணக்கை நான் சொல்கிறேன். டெம்மி அளவுத் தாளில் 160 பக்கம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்று பத்து ஃபாரம். பக்கத்துக்கு 220 சொல் என்றால் 35,000 சொற்கள். முதல் நூலுக்கு இது போதும். இதற்கு மேல் போனால் விலையும் ஏறும், வாசகரும் தயங்குவார். ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்றால் இருபத்து நான்கு வாரம். நீங்கள் குறிப்பெடுத்தது ஏழு வருடம்.

பதிப்பகத்துக்கு இப்போது போகாதீர்கள். ஒரு அத்தியாயத்தை முழுதாக முடித்து, மீதி அத்தியாயங்களுக்கு நான்கைந்து வரிக் குறிப்பு எழுதி, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பொங்கல் புத்தகக் காட்சி நெருங்கும் மாதங்களில் போனால் உங்கள் தாள்கள் ஏதோ ஒரு மேசையின் அடியில் கிடக்கும். காட்சி முடிந்து அவர்கள் மூச்சு விடும்போது போங்கள். ராயல்டி பத்து சதவீதம் என்பது தமிழில் வழக்கம். அதை நம்பி ஓய்வூதியத்தை விட்டுவிடாதீர்கள்.

எந்த அத்தியாயத்தை முதலில் எழுதுவது என்று கேட்பீர்கள். முதல் அத்தியாயத்தை அல்ல. எதை நோட்டைப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடியுமோ அதை.

கடலோர டீச்சர் | வெள்ளி, இரவு 11.15

எழுதினேன். சுமார் 85 சொல்தான். கையெழுத்தில் எழுதி, இப்போது தட்டச்சு செய்கிறேன். அடித்துத் திருத்தாமல் போடுகிறேன்.

'கடலின் சீற்றம் மனிதனை எப்போதும் வியக்க வைத்திருக்கிறது. எங்கள் குப்பமும் அதற்கு விலக்கல்ல. தெருவின் கடல் முனையில் வலை காயப்போடும் கழிகள் நட்டிருந்தன. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பூவரசு. பூவரசுக்கு இந்தப் பக்கம் அடிபம்பு. அடிபம்புக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. கடல் இதே வரிசையில்தான் எடுத்துக்கொண்டு வந்தது. கழிகள் போனபோது யாரும் கவலைப்படவில்லை, கழிகளைப் பின்னால் நட்டுக்கொண்டார்கள். பூவரசு ஒரு வாடைக்காலத்தில் இரவோடு இரவாகச் சாய்ந்தது. அதற்கு முன்பே அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்திருந்தது. அம்மா அந்தத் தண்ணீரில் சோறு வடித்துவிட்டு, இன்றைக்கு உப்பு போட வேண்டாம் என்று சிரித்தார். கடல் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது சோற்றுப் பானை வழியாகத்தான். அலை வாசலுக்கு வர அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆயிற்று.'

வலைப்பின்னி | வெள்ளி, இரவு 11.31

அம்மா, எங்கள் வீட்டிலும் பம்பு இப்படித்தான் போயிற்று.

பழைய மெய்ப்பர் | சனி, காலை 5.50

முதல் இரண்டு வாக்கியங்களை வெட்டுங்கள். 'தெருவின் கடல் முனையில்' என்று தொடங்குங்கள். 'கடல் எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது' என்ற வரியில் கொஞ்சம் அலங்காரம் தெரிகிறது. அம்மா சிரித்ததிலேயே அது இருக்கிறது. ஆனாலும் அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மற்றதில் கை வைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அலையும் கல்லும் | சனி, காலை 8.20

நிலத்தடி நீரில் உப்பு ஏறியது கடல் நெருங்கியதாலும் இருக்கலாம், சுற்றியுள்ள ஆலைகளும் குடியிருப்புகளும் அதிகமாக நீர் உறிஞ்சியதாலும் இருக்கலாம். இப்போது எழுதியதை மாற்ற வேண்டாம். பின்னால் ஒரு அத்தியாயத்தில் இதற்கு வாருங்கள். கழி, பூவரசு, பம்பு, வீடு என்று நீங்கள் சொன்ன வரிசை எந்த அளவுகோலையும்விட எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை அடி என்று நினைவிருக்கிறதா?

கடலோர டீச்சர் | சனி, பகல் 1.00

அதையே செய்துகொண்டிருக்கிறேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தெருவை வரைந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீடு வீடாகச் சொன்னார். 23 வீடு வருகிறது. அத்தை தொலைபேசியில் 21தான் என்று சண்டை போடுகிறார். கடைசி இரண்டு வீடு அவர் கல்யாணமாகிப் போன பிறகு வந்ததாம். அடிபம்பிலிருந்து எங்கள் வாசலுக்கு ஒரு குடத்தை இடுப்பில் வைத்து எட்டு வைத்தால் நாற்பது, குடம் இல்லாமல் முப்பத்து மூன்று என்கிறார் அம்மா. படத்தை இங்கே போடுகிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

காசிமேட்டுக்காரன் | சனி, மாலை 6.10

டீச்சர், பாட்டிக்குக் கண் தெரியாததால் படத்தை நான் வீடு வீடாகச் சொன்னேன். பதினெட்டு வரை தலையாட்டினார். பத்தொன்பதாவதில் நிறுத்திவிட்டார். வெற்றிலைக் கடையை நீங்கள் தெருவின் தெற்குப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களாம். அது வடக்குப் பக்கமாம். சாயங்கால வெயில் கடைக்குள் விழும் என்பதால் கடைக்காரர் கோணித் தொங்கவிட்டிருப்பாராம், தெற்கில் இருந்திருந்தால் கோணி எதற்கு என்று கேட்கிறார். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பக்கம் போகவே நேரம் இருந்திருக்காது என்றும் சொன்னார், அதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

கடலோர டீச்சர் | சனி, மாலை 6.25

அம்மாவிடம் சொன்னேன். 'அவளுக்கு என்ன தெரியும்' என்றார். இரண்டு நிமிடம் கழித்து, 'கோணி இருந்தது உண்மைதான்' என்றார்.

நாளை காலை பத்து மணிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன் தம்பி. பாட்டிக்கு வெற்றிலை வாங்கி வரலாமா?